‘புற்றுநோய் முன்னறிவிப்புப் பேக்கேஜ்’: 2,499 ரூபாய்க்குக் கிடைத்த ஓர் எண்

என் கணவருக்கு அறுபது வயது நிறைந்ததையொட்டி, பெங்களூரில் இருக்கும் எங்கள் மகள், வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துச் செல்லும் ஒரு பரிசோதனைப் பேக்கேஜை அவருக்காகப் பதிவு செய்திருந்தாள். அறுபத்துச் சொச்சம் அளவீடுகள், அவற்றுள் ‘புற்றுநோய் நொதிகள்’ என்று தனித் தலைப்பில் மூன்று: எல்.டி.எச்., அல்கலைன் பாஸ்பட்டேஸ், பி.எஸ்.ஏ. விலை 2,499 ரூபாய். இதே சரக்கை வெவ்வேறு பெயர்களில் பலரும் விற்கிறார்கள் என்பதால், ஆய்வகத்தின் பெயரை இங்கே தவிர்க்கிறேன். கல்லூரியில் பல ஆண்டுகள் உயிர்வேதியியல் நடத்தியவள் என்ற முறையில், சேவையைக் காட்டிலும் அந்த எண்கள் எப்படிப் பிறந்தன என்பதையே அதிகம் கவனித்தேன்.

சேவையில் குறை சொல்ல முடியாத பகுதிகளை முதலில் முடித்துவிடுகிறேன். குறித்த நேரத்துக்கு, காலை ஆறரைக்கே ஆள் வந்தார். கையுறை, புதிய ஊசி, பெயர் ஒட்டிய குழாய்கள் என எல்லாம் ஒழுங்காக இருந்தன. அறிக்கை அன்று இரவே கைப்பேசிக்கு வந்துவிட்டது.

கோளாறு ரத்தம் எடுத்த விதத்தில் இருந்தது. என் கணவருக்கு நரம்பு எளிதில் கிடைக்காது. ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டியபடி நெடுநேரம் தேடிய அந்த இளைஞர், மெல்லிய ஊசியில் சிரமப்பட்டு உறிஞ்சி, பிறகு அதே ஊசியை மஞ்சள் மூடிக் குழாயின் ரப்பரில் குத்தி, பிஸ்டனைக் கட்டைவிரலால் அழுத்தி ரத்தத்தைப் பீய்ச்சினார். குழாய்க்குள் நுரை தெரிந்தது. அதை ஐஸ் ஜெல் பையின்மேல் அப்படியே படுக்கவைத்துப் பெட்டியை மூடினார். இன்னும் எத்தனை வீடுகள் என்று கேட்டேன். “எட்டு வீடு இருக்கு மேடம். ஐஸ் இருக்குல்ல, ஒண்ணும் ஆகாது” என்றார். அக்னி நட்சத்திர வெயிலில் ஸ்கூட்டரில் அலையும் பிள்ளையிடம் அதற்குமேல் என்ன கேட்பது? அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இரவு வந்த அறிக்கையில் எல்.டி.எச். லிட்டருக்கு 412 அலகுகள் என்று சிவப்பு எழுத்தில் இருந்தது. அதே ஆய்வகம் அச்சிட்டிருந்த இயல்பளவின் உச்சம் 225. மறுநாள் காலை ஆய்வகத்தின் ‘மருத்துவ ஆலோசகர்’ அழைத்து, “கேன்சர் மார்க்கர் கூடியிருக்கு சார், ஒரு முழு உடல் ஸ்கேன் பார்த்துடலாம்” என்று சொன்னபோது, என் கணவர் கையிலிருந்த காபியைக் குடிக்காமலே கீழே வைத்தார்.

எல்.டி.எச். என்னும் லேக்டேட் டிஹைட்ரோஜினேஸ், நம் உடலின் ஏறத்தாழ எல்லாச் செல்களிலும் இருக்கும் நொதி. செல் உடைந்தால் ரத்தத்தில் கசியும். ஆய்வகம் அதன் எடையை அளப்பதில்லை, வேகத்தை அளக்கிறது: சீரத்துடன் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) லேக்டேட்டையும் என்.ஏ.டி. என்னும் துணைநொதியையும் சேர்த்து, 37 பாகை வெப்பத்தில், 340 நானோமீட்டர் ஒளி நிமிடத்துக்கு நிமிடம் எவ்வளவு கூடுதலாக உறிஞ்சப்படுகிறது என்று பார்க்கிறார்கள். ஒரு நிமிடத்தில் ஒரு மைக்ரோமோல் மாற்றம் நடந்தால் ஓர் அலகு. லேக்டேட் பைருவேட்டாக மாறும் இதே வினையைப் பைருவேட்டிலிருந்து எதிர்த்திசையில் நடத்தி அளக்கும் முறையும் உண்டு. அதில் இயல்பான எண்ணே ஏறக்குறைய இரு மடங்காக வரும். ஆகவே ஓர் ஆய்வகத்தின் எண்ணை இன்னோர் ஆய்வகத்தின் இயல்பளவோடு ஒப்பிடுவது, வீசையில் நிறுத்ததைக் கிலோ விலைக்குக் கணக்குப் போடுவதைப் போன்றது. எந்த முறையில் அளந்தார்கள் என்பதை இந்த அறிக்கை சொல்லவே இல்லை.

எங்கள் வீட்டில் நடந்ததற்குக் காரணம் இன்னும் எளியது. சிவப்பணுக்களுக்குள் இருக்கும் எல்.டி.எச்., சுற்றியுள்ள பிளாஸ்மாவில், அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியில், இருப்பதைவிட நூறு மடங்குக்கும் மேல். மெல்லிய ஊசி வழியே அழுத்திப் பீய்ச்சும்போதும், பிரிக்கப்படாத ரத்தம் பனிக்கட்டியோடு ஒட்டிக் கிடக்கும்போதும் சிவப்பணுக்கள் உடைகின்றன; வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டிய சீரம் ரோஸ் மில்க் நிறத்துக்கு மாறுகிறது. அறிக்கையின் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். பொட்டாசியம் 5.8, இயல்புக்கு மேல். கல்லீரல் சோதனையில் பார்க்கும் இரு நொதிகளில் ஏ.எஸ்.டி. சற்றே அதிகம், ஆனால் ஏ.எல்.டி. இயல்பு. எல்.டி.எச்., பொட்டாசியம், ஏ.எஸ்.டி. மூன்றும் சிவப்பணுவுக்குள் நிறைந்திருப்பவை, மூன்றும் ஒன்றாகக் கூடியிருக்கின்றன. கடைசிப் பக்கத்தின் அடியில், கண்ணாடி போட்டாலும் தடுமாற வைக்கும் எழுத்தில், ‘சாம்பிள் லேசாக ஹீமோலைஸ் ஆகியுள்ளது’, அதாவது சிவப்பணுக்கள் உடைந்துள்ளன, என்ற வரியும் இருந்தது. அதைப் பார்த்தவர் எல்.டி.எச். எண்ணை நிறுத்திவைத்து மறு ரத்தம் கேட்டிருக்க வேண்டும். அதைவிட்டு ஆலோசகர் ஸ்கேன் விற்க அழைத்தார்.

‘குளிர்பதனப் போக்குவரத்து’ என்று அவர்கள் பெருமையாக விளம்பரம் செய்வதும் இந்த நொதிக்குப் பொருந்தாது. எல்.டி.எச். ஐந்து வடிவங்களில் உள்ளது; அவற்றுள் கல்லீரலிலும் எலும்புத் தசையிலும் மிகுந்திருக்கும் ஐந்தாவது வடிவம் குளிரில் செயலிழக்கும். ரத்தம் உறைந்ததும் விரைவில் சுழற்றிச் சீரத்தைப் பிரித்து, அறை வெப்பத்தில் வைப்பதே முறை.

புற்றுநோய்க்கும் ரத்த நொதிக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆக்சிஜன் இருக்கும்போதும் கட்டிகள் குளுக்கோஸை லேக்டேட்டாக மாற்றுவதை ஜெர்மனியின் ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே காட்டினார். 1943இல் கட்டியுள்ள எலிகளின் சீரத்தில் இவ்வகை நொதிகளை அளந்தவரும் அவரே. நியூயார்க்கில் குட்மன் இணையர் 1938இல், எலும்புக்குப் பரவிய புராஸ்டேட் புற்றில் ஆசிட் பாஸ்பட்டேஸ் என்னும் நொதி கூடுவதைக் கண்டார்கள். அதை அளவுகோலாகக் கொண்டு, ஹார்மோனைக் குறைத்தால் அந்நோய் அடங்குவதை 1941இல் நிறுவிய சார்லஸ் ஹக்கின்ஸுக்கு 1966இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த வரலாற்றில் ‘பரவிய’ என்ற சொல்லைத்தான் விளம்பரம் விழுங்கிவிடுகிறது. நொதி கணிசமாகக் கூடியது பெரும்பாலும் நோய் முற்றிய பிறகே. தொடக்க நிலையில் எண் இயல்பாகவே இருக்கலாம். மாரடைப்பு, கல்லீரல் அழற்சி, பி12 குறைபாட்டு ரத்தசோகை, ஏன், முந்தைய நாள் செய்த கடும் உடற்பயிற்சிகூட எல்.டி.எச். அளவை ஏற்றலாம்.

பேக்கேஜில் உள்ள மற்ற இரண்டைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. அல்கலைன் பாஸ்பட்டேஸ் எலும்பிலிருந்தும் கல்லீரலிலிருந்தும் வருவது. வளரும் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இயல்பாகவே அதிகம். புராஸ்டேட் சுரப்பியில் உருவாகும் பி.எஸ்.ஏ. பிறப்பால் நொதிதான், ஆனால் ரத்தத்தில் அதன் பெரும்பகுதி வேறு புரதத்தோடு பிணைந்து செயலற்றுக் கிடக்கிறது. ஆய்வகம் அளப்பது அதன் அளவை, செயல்பாட்டை அன்று. மூன்றையும் ஒரே தலைப்பில் அடுக்கியவருக்கு இந்த வேறுபாடு தெரியவில்லை, அல்லது தேவைப்படவில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. இயல்பளவு என்பது நலமாக உள்ளவர்களில் 95 சதவீதத்தினர் அடங்கும் எல்லை. ஒன்றையொன்று சாராத 20 சோதனைகளை நலமான ஒருவருக்குச் செய்தால், ஏதேனும் ஒன்றாவது எல்லை தாண்டிச் சிவப்பாக வரும் வாய்ப்பு ஏறத்தாழ 64 சதவீதம். அறுபத்துச் சொச்சம் சோதனைகள் என்றால் சிவப்பு எழுத்து வராமல் போனால்தான் வியப்பு.

நான் எழுதிக் கேட்டதும் ஆய்வகம் மறுப்புச் சொல்லாமல் இலவசமாக மறுபரிசோதனைக்கு ஒப்புக்கொண்டது, அதற்கு நன்றி. இம்முறை நாங்களே நேரில் போனோம். அனுபவமுள்ள ஒரு பெண் பணியாளர் வெற்றிடக் குழாயில் நேரடியாக எடுத்தார். அரை மணி உறைய விட்டு, அங்கேயே சுழற்றினார். எல்.டி.எச். 184, பொட்டாசியம் 4.3. பணம் திரும்பக் கேட்டதற்கு இதுவரை பதில் இல்லை. ரத்தம் எடுத்த முறைக்கும் ஆலோசனை அழைப்புக்கும் என்னால் ஐந்துக்கு ஒன்றுக்கு மேல் கொடுக்க இயலாது. நலமாக இருப்பவர்கள் இந்தப் பேக்கேஜை வாங்க வேண்டாம். அந்தப் பணத்துக்குத் தங்கள் வயதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட பரிசோதனை எது என்று ஒரு மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது மேல்.

இதே எல்.டி.எச். சோதனை முழு மதிப்போடு பயன்படுவதை என் தம்பியின் கோப்பில் பார்த்திருக்கிறேன். அவனுக்கு லிம்ஃபோமா என்னும் நிணநீர்ப் புற்று என்று திசுப் பரிசோதனையில் உறுதியான பிறகே அது வந்தது. அந்நோயின் போக்கைக் கணிக்க 1993 முதல் பயன்படும் பன்னாட்டுக் குறியீட்டின் ஐந்து கூறுகளில் எல்.டி.எச். ஒன்று. ஒவ்வொரு சுழற்சி கீமோவுக்கு முன்பும், ஒரே ஆய்வகத்தில், ஒரே முறையில் எடுத்த எண்களை அவனுடைய மருத்துவர் ஒரே தாளில் பென்சிலால் வரிசையாக எழுதி வைத்திருந்தார்: 690, 455, 310, 214. நான்காவது எண்ணை எழுதிய அன்றும் அவர் தம்பியின் கழுத்தையும் அக்குளையும் தடவிப் பார்த்த பிறகுதான் பேசினார்.