தவம் செய்யும் பூனையை எதில் எடுப்பது? ரிக்கோ ஜிஆர் 3-உம் சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7-உம்

மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசில், யானையின் காலடியில் ஒரு பூனை நிற்கும். முன்கால்களைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு தவம் செய்கிற பூனை. சுற்றிலும் எலிகள். வேலிக்கு இப்பால் நின்று அதைப் படமெடுக்கப் பார்த்தால், பயணத்துக்கு எந்த கேமரா என்ற கேள்வியின் கஷ்டம் புரிந்துவிடும். 28 மி.மீ. லென்ஸில் (மி.மீ. குறைந்தால் காட்சி அகலும், கூடினால் தூரத்தில் இருப்பது பெரிதாகும்) பாறை முழுக்க அழகாக அடங்கும். பூனைதான் புள்ளியாகிவிடும்.

ரிக்கோ ஜிஆர் 3-இல் இருப்பது அந்த 28 மி.மீ. பார்வை மட்டும்தான். ஜூம் கிடையாது. சோனியில் 24-இலிருந்து 200 மி.மீ. வரை போகலாம். இரண்டும் 2019-இல் வந்தவை, இரண்டும் பேன்ட் பைக்குள் அடங்கும்; ரிக்கோ 257 கிராம், சோனி 302 கிராம்.

"24 மெகாபிக்சல் இருக்கே, அப்புறமா வெட்டிக்கலாமே" என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 28-இல் எடுத்த படத்தை 50 மி.மீ. அளவுக்கு வெட்டினால் 7 மெகாபிக்சல் மிஞ்சும், பரவாயில்லை. 200 அளவுக்கு வெட்டினால் அரை மெகாபிக்சல்கூடத் தேறாது. பூனை வேண்டுமென்றால் சோனிதான். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல்நிலைச் சிற்பங்களுக்கும் அப்படியே. அதற்காக வேடந்தாங்கலுக்கு இதைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், பறவைகளுக்கு 200 போதாது.

ஆனால் வெயில் தாழ்ந்ததும் ஆட்டம் மாறும். ரிக்கோவில் இருப்பது ஏபிஎஸ்-சி என்ற அளவுள்ள சென்சார், அதாவது ஒளியை வாங்கிப் படமாக்கும் சில்லு. அது சோனியின் ஒரு இன்ச் சென்சாரைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு பரப்பு; அதனால் கூடுதல் ஒளியை வாங்கும். சோனி லென்ஸோ அகலக் கோணத்தில் எஃப்/2.8-இல் தொடங்கி, 200-ஐ எட்டும்போது எஃப்/4.5 ஆகச் சுருங்கிவிடும் (எஃப் எண் கூடக் கூட உள்ளே வரும் ஒளி குறையும்). மண்டபத்து விளக்கு வெளிச்சத்தில் (கேமராவை உள்ளே விடுகிற கோயிலாக இருந்தால்) ஜூமை நீட்டினீர்கள் என்றால் ஐஎஸ்ஓ (ஒளிக் குறையை ஈடுகட்ட கேமரா கூட்டுகிற உணர்திறன்) எகிறும், கல்லின் சொரசொரப்பெல்லாம் மெழுகு பூசினாற்போல ஆகிவிடும். ரிக்கோவில் அந்தக் கல் கல்லாகவே இருக்கும்.

கடைத்தெருவிலும் ரிக்கோதான். அதில் 'ஸ்நாப் ஃபோகஸ்' என்று ஒன்று உண்டு, முன்கூட்டியே குறித்து வைத்த தூரத்துக்கு ஃபோகஸ் போய் நிற்கும். தூரத்தை 2.5 மீட்டர், அப்பர்ச்சரை (லென்ஸின் ஒளித் துவாரத்தை) எஃப்/8 என்று வைத்துவிட்டால், ஒன்றரை மீட்டருக்கு அப்பால் எல்லாமே தெளிவாக விழும். ஷட்டரை ஒரே அழுத்து, படம் முடிந்தது. டீ ஆற்றுகிறவரின் கை மேலே போன கணத்தைப் பிடிக்க இதைவிடத் தோதான வழி எனக்குத் தெரியாது. ஓடுகிற குழந்தை என்றால் மட்டும் சோனி. கண்ணைப் பிடித்துக்கொண்டால் விடாது.

வீடியோவைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. சோனியில் 4கே, மைக் செருகவும் இடமுண்டு. ரிக்கோவில் ஃபுல் எச்டியோடு சரி. தனுஷ்கோடி உச்சி வெயிலில் ரிக்கோவின் திரையில் உங்கள் முகம்தான் தெரியும், ஏனென்றால் கண்ணை ஒட்டி வைத்துப் பார்க்கிற வ்யூஃபைண்டர் இல்லை. சோனியில் குட்டியாக ஒன்று மேலே எழும்பி வரும்.

ஃபுஜிஃபில்ம் எக்ஸ்100-6-ஐ ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். 40 மெகாபிக்சல், எஃப்/2 லென்ஸ், அருமையான கேமரா. ஆனால் 521 கிராம். பைக்குள் போகாது, கழுத்தில்தான் தொங்கும்.

குடும்பத்தோடு வருஷத்துக்கு ஒரு சுற்றுலா, எல்லாமே எடுக்க வேண்டும் என்பவர்களுக்கு யோசிக்காமல் சோனியைச் சொல்வேன். தனியாக, நடந்தே ஊர் சுற்றுகிற எனக்கு ரிக்கோ. ரிக்கோவின் பேட்டரி நிறுவனக் கணக்கிலேயே 200 படம்தான், ஆகவே கூடுதலாக இரண்டு வாங்கிவிடுங்கள்.

பழையது வாங்குகிறவர்களுக்கு ஒன்று. இரண்டிலும் லென்ஸ் வெளியே வந்து உள்ளே போகும், இரண்டிலும் தூசுத் தடுப்பு கிடையாது, சென்சாரில் தூசு ஒட்டினால் நாமே திறந்து துடைக்கவும் முடியாது. காசு கொடுப்பதற்கு முன் அப்பர்ச்சரை முடிந்தவரை சுருக்கி, ஒரு வெள்ளைச் சுவரைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கறுப்புப் பொட்டு தெரிந்தால் பேரம் பேச வேண்டாம், வேறு கேமரா பாருங்கள்.