எந்த கியர்பாக்ஸ் எப்படிக் கெடுகிறது?

கார் வாங்கப் போகிறவர்கள் மைலேஜைக் கேட்கிறார்கள், ஓட்டச் சுகமாக இருக்குமா என்று கேட்கிறார்கள். கியர்பாக்ஸ் கெடும்போது எப்படிக் கெடும் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி. சொல்லிவிட்டுக் கெடுகிறதா, நடுச்சாலையில் காலை வாருகிறதா? ஒரு பாகத்தை மாற்றினால் போதுமா, பெட்டியையே மாற்ற வேண்டுமா? இப்படிப் பார்த்தால் வழக்கமான தரவரிசை தலைகீழாகிவிடுகிறது.

மேனுவல் கார் நல்ல நோயாளி. மாதக்கணக்கில் முனகிவிட்டுத்தான் படுக்கும். கிளட்ச் பிடிக்கும் இடம் பெடலில் மேலே ஏறிக்கொண்டே போகும். மேட்டில் இன்ஜின் இரையும், வண்டி நகரத் தயங்கும். சந்தேகமிருந்தால் ஆளில்லாத நேர்ச்சாலையில், நான்காம் கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்திப் பாருங்கள். ஆர்பிஎம் முள் துள்ளி, வேகம் மட்டும் ஏறாமல் இருந்தால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. காதும் உதவும். பெடலை மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால், கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கைப் பாருங்கள். நியூட்ரலில் காலை எடுத்ததும் கேட்டு, மிதித்தால் அடங்கினால் கியர்பாக்ஸின் உள்தண்டு பேரிங். ஹைட்ராலிக் கிளட்சில் பெடல் மிதித்தபடியே கீழே கிடந்தால் முதலில் சிலிண்டரில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். பிளேட்டின் மேல் பழி போட அவசரம் வேண்டாம்.

என் பழைய காரின் பிளேட்டைக் கழற்றி மெக்கானிக் ஒருமுறை கையில் கொடுத்தார். உராய்வுப் பட்டை தேய்ந்து ரிவெட் தலைகள் பளபளத்தன. பிளேட் அழுந்திப் பிடிக்கும் இன்ஜின் சக்கரமான ஃபிளைவீலில் வட்டவட்டமாகக் கீறல், நடுநடுவே சூட்டில் நீலம் பாரித்த திட்டுகள். முழுக்க என் இடது காலின் கைங்கரியம். சரிவில் காத்திருக்கும்போதெல்லாம் பிரேக்கைப் பிடிக்காமல் அரை கிளட்சில் வண்டியைத் தொங்கவிட்டே பழகியிருந்தேன்.

ஏஎம்டி என்கிற தானியங்கி மேனுவலில் அதே பெட்டி, அதே கிளட்ச். மிதிப்பது மட்டும் ஓர் இயந்திரக் கால். மேனுவலின் நோய்கள் அத்தனையும் இதற்கு உண்டு, கூடவே அந்த இயந்திரக் காலின் நோய்களும் உண்டு. பெடல் இல்லாததால் மேனுவல் தரும் முன்னறிவிப்பை மட்டும் இழந்துவிடுகிறோம். மேட்டில் ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தி வண்டியை நிறுத்தி வைக்கிறவர்கள் கிளட்சைத் தெரியாமலே கருக்குகிறார்கள்.

டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக்கில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே எண்ணெய்தான் தூது போகிறது. நெரிசலில் ஊர்ந்தாலும் உராய்ந்து தேய அங்கே பிளேட் இல்லை. சூட்டை எண்ணெய் வாங்கிக்கொண்டு கூலருக்குப் போய்விடுகிறது. தினமும் ஊர்ந்து ஓட்டுகிறவருக்கு என் சிபாரிசு இதுதான். இதன் எதிரி பழைய எண்ணெய். சீரான வேகத்தில் போகும்போது, சாலையில் வரிவரியாகப் போட்ட மேடுகளின் மேல் ஏறியதுபோல் வண்டி நடுங்கினால், கன்வெர்ட்டருக்குள் இருந்து, ஓட்ட வேகத்தில் மட்டும் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நேராகப் பூட்டும் லாக்-அப் கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள் கொள்ளலாம். எண்ணெயில் ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டுப் பாருங்கள். பெரும்பாலான காரில் புதிதாக இருக்கும்போது சிவப்பு; கருத்துப்போய்த் தீய்ந்த வாடை அடித்தால் காலம் கடந்துவிட்டது. சில கையேடுகள் ‘வாழ்நாள் ஆயில்’ என்கின்றன. யாருடைய வாழ்நாள்? உத்தரவாதத்தின் வாழ்நாள் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

இரட்டைக் கிளட்ச் பெட்டியில் ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொன்று. ஓடும்போது இதன் வேகத்துக்கு ஈடில்லை. ஆனால் எண்ணெயில் மூழ்கியதா, உலர்ந்ததா என்று கேட்காமல் வாங்கக் கூடாது. உலர் வகையில் சூட்டைக் கொண்டுபோக எண்ணெய் இல்லை. நடை வேகத்தில் ஊரும்போதெல்லாம் கிளட்ச் அரைகுறையாகப் பிடித்தே ஓடுகிறது. ஃபோக்ஸ்வேகன் டிஎஸ்ஜி என்ற தன் இரட்டைக் கிளட்ச் பெட்டிக்காக 2013-இல் சீனாவில் 3,84,181 கார்களைத் திரும்ப அழைத்தது. ஃபோர்டின் இரட்டைக் கிளட்ச் பெட்டியான பவர்ஷிஃப்டின் கதை இன்னும் கசப்பானது. வண்டி நடுங்குகிறது என்று போன ஆஸ்திரேலிய வாடிக்கையாளர்களில் பலருக்கு, நீங்கள் ஓட்டும் விதம்தான் காரணம் என்று பதில் கிடைத்தது. பெட்டியில் கோளாறு இருப்பது நிறுவனத்துக்கு ஏற்கெனவே தெரியும். 2018-இல் அங்குள்ள கூட்டாட்சி நீதிமன்றம் 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. அரை கிளட்ச் குற்றவாளி நான் ஒப்புக்கொள்கிறேன். இவர்களுக்கோ மிதிக்க ஒரு கிளட்ச் பெடலே கிடையாது.

சிவிடியில் படிப்படியான கியர்களே இல்லை. இரண்டு கூம்புக் கப்பிகளுக்கு நடுவே எஃகுப் பட்டை ஓடுகிறது. அந்தப் பட்டை ஒருமுறை வழுக்கினால் கப்பியின் முகத்தில் கீறல் விழும்; உதிரும் உலோகத் தூள், எண்ணெயைப் பங்கிட்டு அனுப்பும் வால்வ் பாடிக்குள் எண்ணெயோடு போய் அங்கேயும் சேதம் செய்யும். சூடேறினால் வண்டி வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு ஊரும். கப்பியில் கீறல் விழுந்தபின் பெரும்பாலும் பெட்டியையே மாற்றச் சொல்வார்கள். நிசான் அமெரிக்காவில் 2003 முதல் 2010 வரையிலான மாடல்களின் சிவிடி உத்தரவாதத்தை 5 ஆண்டிலிருந்து 10 ஆண்டாக நீட்டித்ததை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய சிவிடி கார் பார்க்கப் போனால், எண்ணெய் மாற்றிய ரசீதைக் காட்டச் சொல்வேன். இல்லையென்றால் சாவியை வாங்கக்கூட மாட்டேன்.

டொயோட்டா பிரியஸ் போன்ற ஹைப்ரிட்களின் ‘இ-சிவிடி’யை இந்தப் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். பெயர்தான் ஒன்று, உள்ளே பட்டையும் இல்லை, கப்பியும் இல்லை. ஒரு கோள்சக்கரப் பல்லிணைப்பும் இரண்டு மின்மோட்டார்களும்தான் அந்த வேலையைச் செய்கின்றன.