ஆச்சே, பூகன்வில்: இரண்டு ஒப்பந்தங்கள்

ஆச்சே, பூகன்வில் இரண்டுமே தனிநாடு கேட்டுப் போர் நடந்த இடங்கள்; முடித்த விதம்தான் வேறு. இந்தோனேசியாவின் ஆச்சேயில் அமைதிப் பேச்சு 2004 சுனாமிக்குப் பின் வேகம் பிடித்து, 2005 ஆகஸ்ட் 15 அன்று பின்லாந்தின் ஹெல்சிங்கியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. கிளர்ச்சியாளர்கள் தனிநாட்டுக் கோரிக்கையை விட்டார்கள். பதிலுக்குத் தன்னாட்சி, உள்ளூர்க் கட்சி தொடங்கும் உரிமை, எண்ணெய், எரிவாயு வருவாயில் 70 சதவீதம்.

பாப்புவா நியூ கினியின் பூகன்விலில் பாங்குனா செப்புச் சுரங்கத் தகராறில் மூண்ட போர் அது. 2001 ஒப்பந்தம் கோரிக்கையைக் கைவிடச் சொல்லவில்லை, தள்ளிப்போட்டது: தன்னாட்சி, ஆயுதக் களைவு, பிறகு வாக்கெடுப்பு. 2019இல் சுமார் 98 சதவீதம் பேர் தனிநாட்டையே கேட்டார்கள். ஆனால் அந்த முடிவு அரசைக் கட்டுப்படுத்தாது. கடைசி வார்த்தை பாப்புவா நியூ கினி நாடாளுமன்றத்துடையது. துப்பாக்கியை ஓயவைக்க இந்த மழுப்பல் உதவியது என்னவோ உண்மை. இருந்தாலும், எதை விட்டோம், எது கிடைத்தது என்று அன்றே தெரிந்த ஆச்சே பேரம்தான் எனக்கு நேர்மையாகப் படுகிறது.