பேராதனை மருத்துவ பீடம்: வார்டு யார் பொறுப்பில்?

உயர்தரத்தில் பயோ படிக்கும் பிள்ளை உள்ள மலையக வீடுகளில் பேராதனை மருத்துவ பீடத்தின் பெயர் அடிபடாமல் இருக்காது. படிப்புக்காக என்றால் தயங்காமல் முதல் தெரிவாகப் போடலாம். நுவரெலியா, பதுளை மாவட்டப் பிள்ளைகளுக்குப் பின்தங்கிய மாவட்டங்களுக்கான 5 சதவீத ஒதுக்கீட்டிலும் இடம் கிடைக்க வாய்ப்புண்டு. ஆனால் சேருமுன் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். பீடம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கீழ் இயங்குகிறது. பிள்ளை தொழில் பழகும் ஆஸ்பத்திரியோ சுகாதார அமைச்சுக்குரியது.

வார்டில் நின்று பார்த்தால் இது கண்ணுக்குத் தெரியும். பாடம் நடத்தும் பேராசிரியருக்குச் சம்பளம் பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறது. அவர் நோயாளியைப் பார்ப்பது ஆஸ்பத்திரியின் கௌரவ விசேட வைத்திய நிபுணர் என்ற தகுதியில். தாதியர், மருந்து, கட்டில், தியேட்டர் நேரம் எல்லாம் அமைச்சின் கையில். மறுபக்கம், அமைச்சின் நிபுணர்கள் பலரும் மாணவருக்குக் கற்பிக்கிறார்கள். அவர்களுக்குப் பீடச் சபையில் பேச இடம் குறைவு. எந்தப் பக்கம் வேலைநிறுத்தம் வந்தாலும் பாதிக்கப்படுவது மாணவர்தான். சுகாதாரத் தரப்பு நிறுத்தினால் வார்டுப் பயிற்சி நிற்கும், பல்கலைக்கழக ஊழியர் நிறுத்தினால் பரீட்சை தள்ளிப்போகும். பரீட்சை தள்ளினால் பட்டம் முடித்தபின் ஆஸ்பத்திரியில் செய்யும் உள்ளகப் பயிற்சிக்கான நியமனமும் தள்ளும். ஐந்து வருடப் படிப்பு என்று கணக்குப் போடும் பெற்றோர் இதையும் சேர்த்துக் கணக்கிடுவது நல்லது.

1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தில் இந்த இரட்டைப் பொறுப்புக்கான வேர் இருக்கிறது. பல்கலைக்கழகத்தை நிர்வகிக்கும் பேரவையில் பீடாதிபதிகளுக்குப் பதவிவழி ஆசனம் உண்டு, ஆஸ்பத்திரிப் பணிப்பாளருக்கு இல்லை. கல்வி விஷயங்களைத் தீர்மானிக்கும் மூதவையில் துறைத் தலைவர்கள், பேராசிரியர்கள் அனைவரும் அமர்வதால், உடற்கூற்றியல் முதல் உளமருத்துவம் வரை துறைகள் நிறைந்த மருத்துவ பீடத்தின் குரல் அங்கே ஓங்கி ஒலிக்கும். கலைப்பீடத்தார் இதைக் குறையாகச் சொன்னால் அதில் நியாயம் உண்டு. இத்தனை குரல் இருந்தும், ஒரு கட்டிலைக் கூட்டவோ குறைக்கவோ மூதவைக்கு அதிகாரம் இல்லை.

மருத்துவக் கல்லூரியைப் பல்கலைக்கழகத்தோடு இணைப்பது நமக்குப் புதிதல்ல. 1870இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியையும் 1921இன் பல்கலைக்கழகக் கல்லூரியையும் சேர்த்துத்தான் 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவானது. ராகமையில் 1981இல் தனியாராக ஆரம்பித்த மருத்துவக் கல்லூரியை 1989இல் அரசு எடுத்தது. 1991இல் அது களனிப் பல்கலைக்கழகத்தின் பீடமானது. இப்படிச் சேர்க்கும்போது யாருடைய பட்டம், ஆசிரியரின் சேவை மூப்பு எப்படி, மருத்துவ சபையின் அங்கீகாரம் யாருக்கு என்ற மூன்றையும் மாணவர் உள்ளே வருமுன் எழுத்தில் முடிக்க வேண்டும். பேராதனையில் பீடம் 1962இல் வந்தது, பக்கத்துப் போதனா வைத்தியசாலை 1980இல்தான் வந்தது. நடுவில் பதினெட்டு வருடம். மலைநாட்டில் இனி எங்கே மருத்துவ பீடம் கேட்டாலும், கட்டடத்துக்கு அடிக்கல் வைக்குமுன் கட்டில் எத்தனை, பேராசிரியர் பொறுப்பில் இயங்கும் அலகுக்கு எந்த வார்டு, ஆய்வுகூடச் செலவு யாருடையது என்று சுகாதாரம், உயர்கல்வி ஆகிய இரு அமைச்சும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் கேளுங்கள்.

மொழிப் பயிற்சியையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள். படிப்பு ஆங்கிலத்தில், நோயாளி வருவது தோட்டத்திலிருந்து. கொழுந்தெடுக்கும் அம்மா ஒருவர் "மலையேறினா இளைக்குது" என்றால் மூச்சு வாங்குகிறது என்று அர்த்தம். அதை உடம்பு மெலிகிறது என்று விளங்கிக்கொண்டு நோயாளியின் டிக்கட்டில் (கட்டில் குறிப்பேட்டில்) எழுதினால் இரத்தச்சோகையையும் இருதயத்தையும் விட்டுவிட்டுக் காசநோயைத் தேடுவார்கள். இதைச் சொல்லிக்கொடுப்பது பீடத்தின் வேலையா, ஆஸ்பத்திரியின் வேலையா என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிட வேண்டும்.