பினாங்கில் "பழைய கால்வாய்ப் படகுச் சுற்றுலா"வுக்குப் பணம் கட்டுமுன் இதைப் படித்துவிடுங்கள்

பள்ளி விடுமுறைக்குப் பினாங்கு வரத் திட்டமிட்டிருக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். ஜார்ஜ் டவுனின் பழைய கால்வாயையும் கடலோரத்தையும் படகிலேயே சுற்றிக் காட்டுவதாகவும், தமிழ் பேசும் வழிகாட்டி கூடவே வருவார் என்றும் கூறி, வாட்ஸ்அப் குழுக்களில் தமிழிலேயே ஒரு விளம்பரம் சுற்றி வருகிறது. அதை நம்பி எங்கள் குடும்பம் பணம் கட்டியது. சொன்னவற்றில் பெரும்பகுதி நடக்கவில்லை. நடந்த சிறு பகுதியும் பாதுகாப்பாக நடக்கவில்லை. விவகாரம் இப்போது பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போயிருப்பதால் நடத்தியவர்களின் பெயரை இங்கே எழுதவில்லை. பெயரை மாற்றிக்கொண்டு இதே விளம்பரத்தை வேறொரு எண்ணிலிருந்து அவர்களால் அனுப்ப முடியும் என்பதால், பெயரைவிட அவர்கள் விற்கும் முறையைத் தெரிந்துகொள்வதே உங்களுக்கு உதவும்.

விளம்பரத்தில் இருந்தவை இவை: மூன்று மணி நேரப் பயணம், பிராங்கின் கால்வாய்க்குள் படகில் செல்லுதல், சீனர்களின் குல ஜெட்டிகளை (குலம் குலமாகக் கடலில் கால் நட்டுக் கட்டி வாழும் குடியிருப்புகளை)க் கடலிலிருந்து காணுதல், பினாங்குத் துறைமுகத்தில் உழைத்த தமிழர்களின் வரலாற்றைத் தமிழில் கேட்டல். பெரியவர்களுக்குத் தலைக்கு 95 வெள்ளி (ரிங்கிட்), பிள்ளைகளுக்கு 60 வெள்ளி. அந்தத் துறைமுகத் தமிழர் வரலாற்றுக்காகத்தான் ஈப்போவிலிருந்து என் மாமா புறப்பட்டு வந்தார். அவருடைய அப்பா, அதாவது என் தாத்தா, பெரிய கப்பல்களிலிருந்து தொங்காங்கு எனப்படும் சரக்குப் படகுகளில் சரக்கு இறக்கிக் கரைசேர்க்கும் வேலையில் இருந்தவர். 1969இல் பினாங்கு தன் தீர்வையற்ற துறைமுகத் தகுதியை இழந்து, துறைமுக வேலை வற்றத் தொடங்கிய பிறகுதான் எங்கள் குடும்பம் ஈப்போ பக்கம் போனது. அப்பா உழைத்த கரையைக் கடலிலிருந்து ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது மாமாவின் நெடுநாள் ஆசை.

முதலில் கால்வாயைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த விற்பனையின் மையப் பொய் அதுதான். பிராங்கின் கால்வாய் உண்மையானது, பழமையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நகரத்தின் தெற்கு எல்லையாக இருந்து, கடலிலிருந்து சரக்குப் படகுகளைச் சியா போய் சந்தை வரைக்கும் கொண்டுவந்தது. ஆனால் இன்று அது பல இடங்களில் மூடப்பட்டு, மற்ற இடங்களில் ஒடுங்கிய வடிகாலாக ஓடுகிறது. சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு எந்தப் படகும் அதற்குள் போக முடியாது. கொம்தார் கோபுரத்துக்குப் பக்கத்தில் 2019இல் திறக்கப்பட்ட சியா போய் தொல்லியல் பூங்காவில், அகழ்ந்து வெளிக்கொண்டுவரப்பட்ட பழைய கால்வாய்க் கரையை நடந்தே போய்ப் பார்க்கலாம். பார்க்க வேண்டிய இடமும் கூட. ஆகவே யாராவது உங்களிடம் "படகு கால்வாய்க்குள்ளேயே போகும்" என்று சொன்னால், அந்த ஒரு வாக்கியமே போதும், பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எங்களை அவர்கள் ஒரு வேனில் ஏற்றி, பிராங்கின் சாலையோரத்தில் நிறுத்தி, "இதான் கால்வாய், எல்லாரும் படம் எடுத்துக்குங்க" என்றார்கள். இன்ஜினைக்கூட அணைக்கவில்லை. படகு எங்கே என்று அத்தை கேட்டதற்கு, "இன்னைக்குத் தண்ணி கம்மி ஆண்ட்டி" என்று பதில் வந்தது. தண்ணீர் எவ்வளவு இருந்தாலும் அங்கே படகு வராது என்பது அதைச் சொன்னவருக்கு நன்றாகவே தெரியும்.

தண்ணீர் உண்மையிலேயே பொருட்படுத்த வேண்டிய விஷயமாக இருந்தது ஜெட்டிகளின் பக்கம்தான், அதை யாரும் பொருட்படுத்தவில்லை. பினாங்குக் கடலில் ஒரு நாளில் இருமுறை நீர் ஏறும், இருமுறை வற்றும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இரண்டு மீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கும். வற்றம் வந்துவிட்டால் ஜெட்டி வீடுகளைத் தாங்கும் கால்கள் சேற்றில் நட்டபடி நிற்கும், படகு அருகே நெருங்க முடியாது. எந்த நாளில் எத்தனை மணிக்கு நீர் ஏறும் என்பது முன்கூட்டியே அச்சிடப்படும் அட்டவணையில் இருக்கிறது. கடலில் பிழைக்கும் எவரும் அதைப் பார்க்காமல் படகை எடுப்பதில்லை. எங்களை ஏற்றிய நேரம் முழு வற்றம். குல ஜெட்டிகளில் ஒன்றான சியூ ஜெட்டியிலிருந்து எவ்வளவோ தொலைவில் படகை நிறுத்தி, அங்கிருந்தே பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். கருஞ்சேறும், அதில் துள்ளும் சேற்று மீன்களும், தூரத்தில் வரிசையாகத் தகரக் கூரைகளும் தெரிந்தன. பெங்காலான் வெல்ட் சாலையிலிருந்து காலால் நடந்து போனால் கட்டணமே இல்லாமல் அந்த வீடுகளின் வாசலையே பார்க்கலாம்.

பணம் போனதைவிட எனக்கு ஆறாத கோபம் உயிர்காப்புச் சட்டைகளைப் பற்றியது. ஏறுமுன் எங்களிடம் ஒரு குவியலைக் காட்டி எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். என் தங்கை மகளுக்குக் கிடைத்தது பெரியவர்களுக்கான அளவு. தோளிலிருந்து முழங்கால் வரை தொங்கியது. முன்பக்கத்தில் இருக்க வேண்டிய இரண்டு பூட்டுகளில் ஒன்று பாதியாக உடைந்திருந்தது, மற்றொன்றின் வார் நைந்து, இழுத்தால் கையோடு வந்தது. அதை யாரோ ராஃபியா கயிற்றால் முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்கள். கடலில் விழும் குழந்தையின் தலைக்கு மேலே அந்தச் சட்டை தனியாக மிதக்குமே தவிரக் குழந்தையைத் தாங்காது. பிள்ளைகளுக்கான அளவு இல்லையா என்று தங்கை கேட்டபோது, "கரை பக்கத்திலதான் போறோம் அக்கா, ஒன்னும் ஆகாது" என்றார்கள். கடைசியாக ஏறிய சிலருக்குச் சட்டையே கிடைக்கவில்லை. பயணிகளை ஏற்றும் படகு கடல்துறை இலாகாவின் உரிமம் பெற்றிருக்க வேண்டும், அந்த உரிமத்தில் எத்தனை பேரை ஏற்றலாம் என்பதும் குறிக்கப்பட்டிருக்கும். அதைக் காட்டும்படி கேட்டேன். ஆபீசில் இருக்கிறது என்றார்கள். படகின் பக்கவாட்டில் பதிவெண் இருக்க வேண்டிய இடத்தில் புதிதாகப் பெயிண்ட் அடிக்கப்பட்டிருந்தது. தங்கை குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள், அவர்கள் இருவருக்கும் கட்டிய பணம் திரும்பவே இல்லை.

வழிகாட்டி என்று வந்தவர் நன்றாகத் தமிழ் பேசும் இளைஞர். குறை அவர் பேச்சில் இல்லை. சொல்வதற்கு அவரிடம் எதுவும் இல்லை. கையிலிருந்த தொலைபேசியைப் பார்த்துப் படித்தார், ஒலிபெருக்கி வேலை செய்யாததால் இன்ஜின் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. கேட்ட பாதியில், ஜெட்டி வீடுகளை, பினாங்கில் ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவிய பிரான்சிஸ் லைட் கட்டிக் கொடுத்தார் என்று ஒரு தகவல். லைட் இந்தத் தீவில் இறங்கியது 1786இல், இறந்தது 1794இல். அந்தக் குடியிருப்புகளோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கடலைத் தூர்த்துப் பெங்காலான் வெல்ட் அமைந்த பிறகு எழுந்தவை. இதையாவது அறியாமை என்று விடலாம். மாமா மெதுவாக, "தம்பி, இங்க கப்பல்ல சரக்கு எறக்குன தமிழாளுங்களப் பத்திச் சொல்றேன்னு போட்டிருந்தீங்களே" என்று கேட்டார். அதற்கு அவர், "நம்ம ஆளுங்க எல்லாம் ரப்பர் தோட்டத்துக்கு வந்தவங்க அங்கிள், கடல் வேலை எல்லாம் சீனவங்க பார்த்தது" என்றார். மாமா அதற்குப் பிறகு ஒன்றுமே பேசவில்லை. தன் அப்பாவின் முதுகில் மூட்டை ஏறிய தழும்பைப் பார்த்து வளர்ந்த மனிதரிடம், அப்படி ஒரு வேலையே நடக்கவில்லை என்று காசு வாங்கிக்கொண்டு சொல்லியிருக்கிறார்கள்.

உண்மையை அந்தப் படகிலிருந்தே கைநீட்டிக் காட்டியிருக்கலாம். சூலியா தெருவும் சர்ச் தெருவும் கடலை நோக்கி நீளும் இடங்கள் இன்றும் காட் என்றே பெயர் தாங்கி நிற்கின்றன. படித்துறைகளாக இருந்து, கடல் தூர்க்கப்பட்டபோது தெருக்களாக நீண்டவை அவை. கிங் தெருவைத் தமிழர்கள் படகுக்காரத் தெரு என்று வழங்கினார்கள். அந்தத் தெருவும் சூலியா தெருவும் சந்திக்கும் முனையில், கடலோடிகள் நேர்ந்துகொள்ளும் நாகூர் ஆண்டவரின் பெயரால் எழுந்த தர்கா இருக்கிறது. குயின் தெருவில் 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில், கரையிலிருந்து சிறு நடை தூரம். காதிர் மொய்தீன் கட்டிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் அப்படியே. 2008இல் மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றதற்கு, இப்படிப் பல இனத்தவர் ஒரே துறைமுகத்தைச் சுற்றி வாழ்ந்து விட்டுப்போன தடங்களே காரணம். இதையெல்லாம் தமிழில் சொல்லிக் காட்ட ஒருவர் வருகிறார் என்றால், அதற்கு 95 வெள்ளி அதிகமே இல்லை. நான் இரட்டிப்பாகக்கூடக் கொடுப்பேன்.

மூன்று மணி நேரம் என்றது ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. இறங்கும்போது "ஜெட்டி கட்டணம்" என்று தலைக்குப் பத்து வெள்ளி கேட்டார்கள். விளம்பரத்தில் அப்படி ஒன்றும் இல்லை. வயதானவர்கள் படகிலேயே இருக்கும்போது கேட்டதால் தகராறு வேண்டாம் என்று அத்தை எடுத்துக் கொடுத்துவிட்டார். மறுநாள் பணத்தைத் திருப்பிக் கேட்டதும், வானிலை காரணமாகப் பயணம் சுருக்கப்பட்டது என்றும் வானிலைக்குப் பணம் திரும்பாது என்றும் எழுதினார்கள். அன்று காலை முழுவதும் வெயில். எங்கள் படங்கள் எல்லாவற்றிலும் வானம் தெளிவாக இருக்கிறது. அவற்றை அனுப்பியதும் எங்கள் எண்ணை முடக்கிவிட்டார்கள். ரசீதைப் பார்த்தால் அதில் நிறுவனப் பதிவெண் இல்லை, முகவரி இல்லை. பணம் போய்ச் சேர்ந்தது ஒரு தனிநபரின் வங்கிக் கணக்குக்கு.

ஆகவே பணம் அனுப்புமுன் கேட்க வேண்டியவற்றை எழுத்தில் கேளுங்கள். நம் நாட்டில் சுற்றுலா நடத்தும் நிறுவனங்களும் வழிகாட்டிகளும் 1992ஆம் ஆண்டுச் சுற்றுலாத் தொழில் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிம எண்ணைச் சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சிடம் சரிபார்க்கலாம். உரிமம் உள்ள வழிகாட்டி தன் அடையாள அட்டையைக் கழுத்தில் அணிந்திருப்பார். படகின் பதிவெண், ஏற்றும் ஆள் எண்ணிக்கை, பிள்ளைகளுக்கான உயிர்காப்புச் சட்டை, புறப்படும் நேரத்தில் நீர் ஏற்றமா வற்றமா என்பது, இந்த நான்குக்கும் நேரான பதில் தராதவரிடம் படகு ஏறாதீர்கள். கணக்கு நிறுவனத்தின் பெயரில் இல்லாவிட்டால், மோசடிப் புகார் வந்த கணக்குகளைக் காட்டும் போலீசாரின் "செமாக் மியூல்" தளத்தில் அந்தக் கணக்கு எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஒன்றும் வராததால் அது நல்ல கணக்கு என்று ஆகிவிடாது, புகார் இன்னும் போகவில்லை என்று மட்டுமே பொருள்.

கடலிலிருந்து நகரத்தைப் பார்ப்பது மட்டும்தான் விருப்பம் என்றால், பட்டர்வொர்த்துக்குப் போகும் பெர்ரியில் ஏறுங்கள். 1894இல் தொடங்கிய சேவை அது. 2023இல் புதிய படகுகள் வந்திருக்கின்றன, கட்டணம் சில வெள்ளிதான், உயிர்காப்புச் சட்டைகளும் ஒழுங்காக இருக்கும். மாமாவை மறுநாள் அதில்தான் அழைத்துப் போனோம்.

இதே ஆட்களிடம் பணம் கொடுத்து ஏமாந்தவர்கள், சிறு தொகைதானே என்று விட்டுவிட வேண்டாம். மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் வழக்குப் பதியக் கட்டணம் ஐந்து வெள்ளி. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும், வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை, சம்பவம் நடந்து மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும். விளம்பரத்தின் படம், பணம் மாற்றிய சான்று, வாட்ஸ்அப் உரையாடல், அன்று எடுத்த படங்கள் எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்திருங்கள். எண் முடக்கப்பட்டாலும் பழைய உரையாடல் உங்கள் தொலைபேசியில் இருக்கும். உரிமம் இல்லாத சுற்றுலா என்று தெரிந்தால் அமைச்சின் பினாங்கு அலுவலகத்துக்கும், படகைப் பற்றிக் கடல்துறை இலாகாவுக்கும் தனித்தனியாக எழுதுங்கள். நாங்கள் மூன்று இடங்களுக்கும் எழுதியிருக்கிறோம், விசாரணைத் தேதிக்காகக் காத்திருக்கிறோம். அந்த உயிர்காப்புச் சட்டையின் படமும் கோப்பில் இருக்கிறது.