மாடிச் சலூனுக்கு நாலரை ஸ்டார்

புதுக்கோட்டை கீழ ராஜ வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது இந்தச் சலூன். படி ரொம்பச் செங்குத்து, முழங்கால் வலிக்காரர்கள் யோசித்து ஏறவும். மூன்று நாற்காலி. ஏசி உண்டு, ஆனால் வெயில் உச்சிக்கு வந்தால்தான் போடுவார்கள். கட்டிங் 120, ஷேவிங் 60. செவ்வாய் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை போனால் ஒன்றரை மணி நேரம் பழைய தினத்தந்தி படிக்க வேண்டியிருக்கும். வண்டி நிறுத்த இடமே கிடையாது.

கடையின் பெயரை எழுதாதே என்று கடைக்கார அண்ணனே சொல்லிவிட்டார். "நீங்க நல்லதாத்தான் எழுதுவீங்க தம்பி. கட்டட ஓனர் அதை எப்படிப் படிப்பாருன்னு தெரியாதுல்ல."

அப்படி என்ன எழுதப் போகிறேன்? நான் மின்வாரியத்தில் வயர்மேன். வயது 47. ஊர் இங்கிருந்து 14 கிலோமீட்டர். ஊர் என்று சொல்கிறேனே தவிர, நான் பிறந்தது ஊருக்கு வெளியே இருக்கும் காலனியில். அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். சந்தோஷம். எங்கள் பக்கம் பஸ்ஸில் டிக்கெட் கேட்கும்போது இன்னும் அப்படித்தான் கேட்கிறார்கள்.

சின்ன வயதில் எனக்கு முடி வெட்டியது சித்தப்பா. வேப்பமரத்தடி, துணி வெட்டும் கத்தரி. காதுக்கு மேலே எப்போதும் ஒரு படிக்கட்டு விழும். எட்டாவது படிக்கும்போது கூடப் படித்த பையனோடு ஊருக்குள் இருந்த சலூனுக்குப் போனேன். அவனை உட்காரவைத்தார்கள். என் முறை வந்ததும் "பிளேடு தீர்ந்துபோச்சு, பெறகு வா" என்றார் கடைக்காரர். வெளியே வந்து செருப்பைப் போடுவதற்குள் உள்ளே மறுபடி கத்தரிச் சத்தம். முடி வெட்ட பிளேடு எதற்கு என்று எனக்குத் தோன்றியது வீட்டுக்கு வந்த பிறகுதான்.

அதிலிருந்து முடி வெட்ட பஸ் ஏறித்தான் வருகிறேன். டவுனில் யாரும் விரட்டவில்லை. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து துணியைக் கழுத்தில் கட்டியதும் ஒரு கேள்வி வரும்: "தம்பி எந்த ஊரு?" ஊரைச் சொன்னால் அடுத்தது: "அங்க எந்தப் பக்கம்?" இந்த இரண்டாவது கேள்விக்கு எங்கள் பக்கத்தில் ஒரே ஒரு அர்த்தம்தான். இருபது வருடம் நான் "தேர்முட்டி பக்கம்" என்று பொய் சொன்னேன். பிறகு அதுவும் அலுத்துப்போய், உட்கார்ந்த உடனே கண்ணை மூடித் தூங்குவதுபோல் இருக்கப் பழகினேன். தூங்குகிறவனிடம் யாரும் தெரு கேட்பதில்லை. வேடிக்கை என்னவென்றால், புயலடித்துக் கரண்ட் போன ராத்திரியில் கம்பத்தில் ஏறுகிற என்னைப் பார்த்து அதே ஊர்க்காரர்கள் எந்தப் பக்கம் என்று கேட்டதே இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1955-ல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம், இப்போது குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர், கடை என்றால் என்ன என்று சொல்லும் இடத்தில் சலவைக் கடையையும் முடிவெட்டும் கடையையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. எழுதியவர்களுக்கு நாட்டு நடப்பு நன்றாகவே தெரிந்திருக்கிறது. தண்டனை ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, கூடவே 100 முதல் 500 ரூபாய் வரை அபராதம். குறைந்தபட்ச அபராதம் இன்றைக்கு ஒரு கட்டிங் காசுக்குக்கூட வராது. 1989-ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வந்தது. ஆனால் முடி வெட்டவில்லை என்று ஸ்டேஷனுக்குப் போய் நிற்க யாருக்கு மனசு வரும்? மறுநாளும் அதே ஊரில்தான் பால் வாங்க வேண்டும்.

இனி கடைக்கு வருகிறேன். போன வருடம் முதல் தடவை இந்தப் படியேறியபோது கடைக்கார அண்ணன் ஒருவருக்கு டை அடித்துக்கொண்டிருந்தார். ஜன்னலோர நாற்காலி காலி. அதன் பக்கத்தில் இருபத்திரண்டு வயது இருக்கும், வடநாட்டுப் பையன், துணியை உதறி விரித்துப் பிடித்தபடி "வாங்க அண்ணா" என்றான். நான் உட்காரவில்லை. "பரவால்ல, அண்ணனே வெட்டட்டும்" என்றேன். வயர்மேன் சங்கத்தில், டீக்கடையில், "இந்த வடக்கனுங்க வந்து..." என்று ஆரம்பிக்கும் பேச்சில் நானும் நாலு வார்த்தை போடுகிறவன்தான். பையன் ஒன்றும் சொல்லவில்லை. விரித்த துணியை மடித்து நாற்காலிக் கையில் போட்டுவிட்டு, சீப்புகளைத் துடைக்க ஆரம்பித்தான். சீப்புகள் ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தன.

எதிரும் புதிருமாகக் கண்ணாடி மாட்டிய கடை. எங்கே திரும்பினாலும் என் முகம்தான். அன்றைக்கு அண்ணன் நன்றாகத்தான் வெட்டினார், எனக்குத்தான் கண்ணை மூடித் தூங்க வரவில்லை.

அடுத்த மாதம் நேராக ஜன்னலோர நாற்காலிக்குப் போனேன். பையன் கேட்டான்: "அண்ணா எந்த ஊர்?" சொன்னேன். எந்தப் பக்கம் என்று அவன் கேட்கட்டும் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. நானே "காலனி" என்றேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பஸ் இருக்கா?" என்றான்.

இருக்கு தம்பி. அரை மணிக்கு ஒன்று.

அவனுக்கு உத்தரப் பிரதேசத்தில் பிஜ்னோர் பக்கம். அப்பாவும் தாத்தாவும் இதே தொழில். 2023 மார்ச்சில் வடமாநிலத்தவர் தமிழ்நாட்டில் அடிக்கப்படுகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவினவே, அப்போது திருப்பூரில் இருந்தானாம். அம்மா போனில் அழுததால் ஊருக்குப் போய்விட்டுப் பிறகு வந்திருக்கிறான். இங்கே வாடகைக்கு அறை தேடியபோது, அவன் பெயரைக் கேட்டதும் இரண்டு வீட்டில் "ஆள் வந்துட்டாங்க" என்றார்களாம். "பேர் கேக்குற வரைக்கும் ரூம் காலி அண்ணா" என்று சிரித்தான். பிளேடு தீர்ந்துபோன கதையை நான் அவனுக்குச் சொல்லவில்லை. அவ்வளவு இந்தி எனக்கு வராது.

கடைக்கார அண்ணனிடம் பிறகு ஒருநாள் சொன்னேன், கூட்டம் இல்லாத புதன் மதியம். என் ஊர்க் கடைக்காரரை நான் இத்தனை வருடம் என்ன சாதிச் சொல்லால் திட்டிவந்தேன் என்பதையும் மறைக்கவில்லை. அவர் கத்தரியை நிறுத்தவில்லை. "எங்கப்பாவும் கிராமத்துல வெட்டுனவருதான். வருசக் கூலி நெல்லு. வீட்டுக்குள்ள விட மாட்டாங்க, கொல்லைப்பக்கமா வரச் சொல்லுவாங்க. உங்க ஆளுகளுக்கு வெட்டுனா களத்துல நெல்லு கெடையாதுன்னு சொல்லிட்டாங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அதுக்காக அவரு செஞ்சது சரின்னு சொல்லல" என்றும் சேர்த்துக்கொண்டார். அப்பா போன பிறகு இவர் கிராமத்தை விட்டு இங்கே வந்து கடை போட்டிருக்கிறார். யார் ஏறி வந்தாலும் வரிசைப்படிதான்.

அண்ணன் சொன்னதை வைத்து என் ஊர்க் கடைக்காரரை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அவர் மேல் எனக்கு இன்னும் கோபம்தான். அந்தச் சாதிச் சொல்லை மட்டும் இப்போது சொல்வதில்லை.

மற்றபடி: ஒவ்வொருவருக்கும் பிளேடு புதிது, உறையைக் கண்ணெதிரே பிரிக்கிறார்கள். துண்டு துவைத்த வாசனையோடு இருக்கும். ஷேவிங்குக்குப் பிறகு படிகாரம் தேய்க்கிறார்கள், லோஷன் வேண்டுமென்றால் கேட்டு வாங்க வேண்டும். பையன் கேட்காமலே தலையைத் தட்டி மசாஜ் செய்வான், தனிக் காசு கிடையாது. ஆனால் கழுத்தைத் திருகிச் சொடக்கு எடுக்க வருவான், வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டிவி சத்தம் அதிகம்.

போன வாரம் வேலை முடிந்து நேராகப் போனேன். ராத்திரி முழுக்க டிரான்ஸ்பார்மர் வேலை. நாற்காலியில் உட்கார்ந்தது ஞாபகம் இருக்கிறது, பையன் தோளைத் தொட்டு எழுப்பியது ஞாபகம் இருக்கிறது. நடுவில் நிஜமாகவே தூங்கிவிட்டேன். தலை ஆடியதாலோ என்னவோ, மீசையில் இடது பக்கம் ஒரு நூல் குறைந்திருந்தது. அரை ஸ்டார் அதற்காகக் குறைத்ததுதான்.