கட்சிப் பெயர் சொல்லாத வாசகசாலை

பாளையங்கோட்டையில் உள்ள இந்தத் தனியார் வாசகசாலையில் முரசொலியும் தீக்கதிரும் துக்ளக்கும் ஒரே மேசையில் கிடக்கின்றன. பழைய இதழ்களைத் தேதிவாரியாகக் கட்டி வைத்திருப்பது ஆய்வு மாணவர்களுக்குப் பேருதவி. ஞாயிறு விவாதத்தில் கட்சிப் பெயரை உச்சரிக்கக் கூடாது என்பது விதி. தாமிரபரணியில் சாக்கடை கலப்பதைப் பற்றிப் பேசியபோது அவ்விதி நன்றாகவே உதவியது. கரைவேட்டி கட்டியவர்களும் எந்தப் படித்துறையில் கழிவு இறங்குகிறது என்பதையே பேசினார்கள். இடது, வலது எதையும் சாராத மைய அரசியல் குறித்த அமர்வுக்கு மட்டும் அது பொருந்தவில்லை. 2010இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட 'நோ லேபிள்ஸ்' என்ற மையவாத அமைப்பு தகுந்த வேட்பாளர் கிடைக்காமல் 2024 அதிபர் தேர்தல் முயற்சியைக் கைவிட்டதையும், 2018இல் இடதும் வலதும் அல்ல என்று சொல்லி மதுரையில் உதயமான மக்கள் நீதி மய்யம் 2024இல் திமுக கூட்டணியை ஆதரித்ததையும் பெயர் சொல்லாமல் எப்படி அலசுவது? அத்தகைய அமர்வுகளுக்கேனும் விதியைத் தளர்த்துமாறு நிர்வாகியிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.